பதின்மூன்று குட்டை முழங்கள்

அந்த அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், சாமான்கள் வந்து இறங்கும் பெரிய கதவை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. சிலைக்குப் பீடம், பானைக்கு வளையம், பழைய புத்தகத்தைத் திறந்தபடி சாய்த்து வைக்கச் சட்டம், எல்லாம் அங்கேதான் தயாராகும். அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். "ராத்திரியாவது அதைக் கழட்டி வைப்பாங்களா?" என்று யாரோ அவள் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும், நான்தான் முதல்ல தூங்கிடுவேனே" என்றாராம்.

அவளுக்கு எண் வேண்டும். "கொஞ்சம் பெரிசா", "ஓரளவுக்கு", "பார்த்துப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னால்கூட, "கம்மின்னா எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவள் கையால் செய்த ஒரு சாமான் அளவு தவறிப் பட்டறைக்குத் திரும்பி வந்தது கிடையாது.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது.

ஒரு கலைஞர் தனியாகக் கண்காட்சி நடத்தப் போகிறார், மூன்று கூடத்தையும் அவருக்கே கொடுத்தாயிற்று என்று இயக்குநர் அம்மா சொன்னார். அந்த மனிதர் ஆறு வருஷமாக நாடு நாடாகச் சுற்றியவர். போன இடத்திலெல்லாம் அவர் விசாரித்தது ஒன்றே ஒன்றைத்தான்: இங்கே எதையாவது கையால் காலால் அளக்கிற வழக்கம் உண்டா? எல்லா இடத்திலும் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஜனங்கள், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுந்தேயிராத ஜனங்கள், சொல்லி வைத்தாற்போல் முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டினார்கள். அது எப்படி என்பதுதான் அவர் தலைக்குள் புகுந்த வண்டு.

முதல் கூடத்தில் நாற்பது ஊர்க்காரர்கள் அள்ளிக் கொடுத்த நாற்பது பிடி மண். இரண்டாவதில், தரையில் நாற்பது பேர் எட்டி வைத்த காலடித் தடங்கள். மூன்றாவது கூடம்தான் மொத்தத்துக்கும் உயிர். அதில் நாற்பது பேர் தங்கள் தங்கள் முழத்துக்கு வெட்டிக் கொடுத்த நாற்பது குச்சிகள். ஒன்று உடைந்த துடுப்பு, ஒன்று நாற்காலிக் கால், ஒன்று காய்ந்த கொம்பு. கைக்கு எது கிடைத்ததோ அதில் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த நாற்பதையும் இரண்டிரண்டாகப் படுக்க வைக்க ஒரு நீளப் பெட்டி வேண்டும். பட்டறைக்காரர்கள் அந்த மனிதரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே முழக்காரர் என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. இருபது வரிசை, வரிசைக்கு இடமும் வலமுமாக இரண்டு குழி, நடுவே நெடுக ஒரு சட்டம். படத்தின் ஓரத்தில், 'ஒவ்வொரு குழியும் ஒரு முழம்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். குச்சிகளோ வேறொரு தேசத்துக் கண்காட்சியில் மாட்டிக்கொண்டிருந்தன. டேப் அக்கா போன் போட்டாள்.

"சார், ஒரு முழம்னா எத்தனை சென்டிமீட்டர்?"

"நம்பர் சொல்ல மாட்டேன் அக்கா. நம்பரே இல்லாம இருக்கிறதுதான் இந்தக் கண்காட்சி."

"கண்காட்சிக்கு நம்பர் வேணாம் சார். ரம்பத்துக்கு வேணுமே."

"உங்களுக்கும் ஒரு கை இருக்குல்ல? அந்த முழத்துக்கே வெட்டுங்க. முழம்னா முழம்தானே."

போனை வைத்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, டேப்பை நடுவிரல் நுனி வரைக்கும் இழுத்தாள். நாற்பத்து நான்கு. குச்சி தாராளமாகப் படுக்க இன்னும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து, குழிக்கு நாற்பத்தாறு என்று வைத்துக்கொண்டாள். உலகத்தையே சுற்றி வந்தவர் ஓர் எண் சொல்ல மாட்டேன் என்கிறார். எண் இல்லாமல் மரத்தில் கை வைக்க மாட்டாதவள் தன் கையையே எண்ணாக்கிக்கொள்கிறாள். தப்பு எங்கே நடந்தது என்று இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரம் வேலை. ஒட்டுப்போடாத ஒரே பலகையில் அடித்தளம். வரிசைக்கு வரிசை மெல்லிய சட்டம். நடுவில் நெடுஞ்சட்டம் ஒன்று, அடியிலிருந்து திருகாணி போட்டு முறுக்கியது. மேலே கண்ணாடி. பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தபோது, எதற்கும் வாயைத் திறந்து பாராட்டாத இயக்குநர் அம்மாவே, "பரவாயில்லையே" என்றார்.

கண்காட்சி திறக்க இரண்டே நாள் இருக்கும்போது முழக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளமான, பரபரப்பான மனிதர். கூடத்து வாசலில், 'அளவுகோல், டேப் உள்ளே வரக்கூடாது' என்று தானே ஒரு தாள் எழுதி ஒட்டினார். டேப் அக்கா தன் இடுப்பிலிருந்ததைக் கழற்றிக் காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஏதோ துணி அவிழ்த்த மாதிரி கூச்சமாக இருந்தது அவளுக்கு.

கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் படுக்க வைத்தார்கள். முதல் ஆறு குச்சி அழகாகப் படுத்தன. ஏழாவது படுக்கவில்லை. ஒரு முனை உள்ளே போனால் மறு முனை சட்டத்தின் மேல் ஏறி நின்றது. திருப்பிப் போட்டாள், சாய்த்துப் பார்த்தாள். குச்சி என்ன, திருப்பிப் போட்டால் சுருங்கிவிடுமா? பன்னிரண்டாவதும் அப்படியே. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது குச்சிகள் வெளியே கிடந்தன.

இயக்குநர் அம்மா வந்து பார்த்தார். "டேப், என்ன இது? உங்ககிட்டேயா இப்படி?"

அவளுக்கு முகத்தில் அறைந்திருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

"ஒன்பதுதானே சார்? அதை மட்டும் எடுத்து வச்சிடலாம். முப்பத்தொண்ணு இருக்கே. வர்றவங்க எண்ணியா பார்க்கப் போறாங்க?" என்று இயக்குநர் அம்மா முழக்காரர் பக்கம் திரும்பினார்.

"நான் எண்ணுவேன் மேடம்," என்றார் முழக்காரர்.

"இல்லேன்னா நுனியில மட்டும் லேசா..."

"மேடம், அது ஒரு ஆளோட கை. கையை வெட்டிப் பெட்டியில வைக்கச் சொல்றீங்க."

"அப்ப கிடங்குல இரும்பு ரேக் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டி சரியாகலேன்னா ரேக்கைக் கொண்டு வந்து போடச் சொல்லிடுவேன்."

"ரேக்குல அடுக்கினா இது சாமான் கடை. அதுக்குப் பேசாம நாற்பதையும் கட்டி எடுத்துட்டுப் போயிடறேன். மூணாவது கூடத்தைப் பூட்டிப் போட்டுடுங்க."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். புதிய பெட்டி செய்ய நேரமில்லை. குழிகளை நீட்டலாமென்றால் பலகை அகலம் இடம் கொடுக்காது. டேப் அக்கா ஒரு தள்ளுவண்டியில் நாற்பது குச்சிகளையும் ஏற்றிப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்துக்குள் டேப் வரக்கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது? பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

ஒவ்வொன்றாக அளந்தாள். ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதி முடித்துச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கிப் பார்த்தவளுக்குப் புருவம் நெரிந்தது. நீளமானது ஐம்பத்தொன்று. அது சரி, நெட்டையான ஆளாக இருக்கலாம். ஆனால் அடியில் பதின்மூன்று குச்சிகள் முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. மற்ற இருபத்தேழும் நாற்பத்தொன்றரையில்தான் ஆரம்பம். நடுவில் மூன்றரை சென்டிமீட்டருக்கு ஈ காக்கை இல்லை. ஏணியில் நாலைந்து படியை யாரோ கழற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றியது பெட்டியைப் பற்றித்தான். ஒரு வரிசையில் இரண்டு குழிக்கும் சேர்த்து இருப்பது தொண்ணூற்றிரண்டு. நீளமான ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒரு குட்டையைப் பக்கத்தில் போட்டுவிட்டு, நடுச்சட்டத்தை வரிசைக்கு வரிசை நகர்த்தி வைத்தால் போதும். ஐம்பத்தொன்றும் முப்பத்தெட்டும் எண்பத்தொன்பது. எல்லாம் படுத்துவிடும்! நெடுஞ்சட்டத்தை இருபது துண்டாக அறுத்துத் திருகாணியை இடம் மாற்ற வேண்டும், ஒரு முழு நாள் வேலை. ஆனால் நடக்கிற வேலை.

அதற்குள் கதவு திறந்தது. முழக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை நேராக டேப்பில் போய் விழுந்தது.

"அக்கா!"

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க சார். முதல்ல இதைப் பாருங்க," என்று அவள் பலகையைத் திருப்பிக் காட்டி, நெடியதும் குட்டையுமாக ஜோடி சேர்க்கும் யோசனையைச் சொன்னாள். சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் இறுகிப் போயிற்று.

"முடியாது. நான் போன வழியிலதான் குச்சிங்க வரணும். பக்கத்து தேசம் பக்கத்துல."

"பக்கத்து தேசம் பக்கத்துல இருந்தா ஒன்பது பேர் வெளிய நிக்கணும் சார்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மரத்தூளைக் காலால் கீறினார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது அக்கா? அந்தப் பதிமூணை நினைச்சாத்தான் எனக்குப் பயம். அங்கொண்ணு இங்கொண்ணா இருந்தா யார் கண்ணுக்கும் படாது. நீங்க சொல்ற மாதிரி நெட்டையும் குட்டையுமா வச்சா, வர்ற ஒவ்வொருத்தரும் ஏன் இது குட்டைன்னு கேட்பாங்க. எனக்குத் தெரியாது."

"சின்ன ஆளா இருப்பாங்க."

"இல்ல. அதுல ஒருத்தர் வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வந்தார். நான் பேசினது அரைகுறை பாஷை. நான் முழம் கேட்டது அவங்களுக்கு வேற என்னவோன்னு பட்டிருக்குமோ? அப்படின்னா பதிமூணு பேர்கிட்ட நான் கேட்ட கேள்வியே பொய்யாப் போச்சு. வெளிச் சுவர்ல ஆளுயர எழுத்துல என்ன ஒட்டியிருக்கு தெரியுமா? 'எல்லா மனிதர்களும் ஒரே கையால் அளக்கிறார்கள்'."

"அவங்க அளக்கிறப்ப நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? எப்படி அளந்தாங்க?"

முழக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். படம் எடுத்ததும் முகத்தைத்தான்."

"நல்லாருக்கே! கையைப் பத்திக் கண்காட்சி, படத்துல மட்டும் முகமா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "ஏன் குட்டைன்னு மட்டும் தெரிஞ்சா, நானே என் கையால ஜோடி சேர்த்து வைப்பேன் அக்கா. தெரியாம வைக்க மாட்டேன்," என்றார்.

ஆக, பெட்டியைச் சரிக்கட்ட ஒரு முழு நாள் வேண்டும். ஆறு மணிக்கு முடிய வேண்டுமானால் காலையில் ரம்பத்தை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன் இந்த ஒரு 'ஏன்' தீர வேண்டும். அவளுக்கு வாய்த்தது அன்றைய சாயங்காலம் மட்டும்தான்.

வீட்டில் அவளோடு இருப்பது இரண்டு பேர். வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர். கட்டில் பீரோவிலிருந்து சிமெண்ட் மூட்டை வரைக்கும் ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுபோய் இறக்குவார். நாத்தனார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நக இடுக்கில் வெள்ளை போகாது. ஏழு மணிக்கு இருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். டேப் அக்கா சாப்பாட்டுக்குப் பதில் டேப்பை நீட்டினாள்.

"கையை மேசையில வைங்க ரெண்டு பேரும்."

"அண்ணி, அளந்துட்டுச் சாப்பாடா, இல்ல அளக்கிறதுதான் சாப்பாடா?" என்றாள் நாத்தனார்.

"நீட்டுடி. விரலை மடக்காதே."

நாத்தனாருக்கு நாற்பத்திரண்டரை. வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு. அவள் ஒட்டுப்பலகைத் துண்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நாத்தனார் படித்துக்கொண்டே வந்து குட்டை எண்களுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"முப்பத்திநாலா? இது பத்து வயசுப் புள்ளையோட கை அண்ணி. ஒரு நாளைக்கு இருபது கை பாக்குறேன், வளர்ந்த ஆளுக்கு இப்படி இருக்கவே இருக்காது. யாரோ உங்க முழக்காரரை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"ஒருத்தர்னா சரி. பதிமூணு பேர், பதிமூணு தேசத்துல, கூடிப் பேசியா ஏமாத்துவாங்க?"

"அதுவும் சரிதான்," என்று நாத்தனார் சோற்றைப் பிசைந்தாள்.

டேப் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கையை அளக்கிறேன். அவர் கையை அளக்கவில்லையே, முழத்தை அல்லவா கேட்டார் என்று ஒரு நினைப்பு ஓடிற்று. எழுந்து போய்க் கதவு மூலையில் கிடந்த ஒரு நீளமான மரச்சட்டத்தை எடுத்து வந்தாள்.

"இதுல எனக்கு ஒரு முழம் வேணும். எங்க வெட்டட்டும், காட்டு."

நாத்தனார் இடது கையைச் சட்டத்தோடு சேர்த்து வைத்து விரலை நீட்டினாள். நடுவிரல் நுனியில் பென்சில் கோடு விழுந்தது. நாற்பத்திரண்டரை.

"நீங்க காட்டுங்க."

வீட்டுக்காரர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், இடது கையால் சட்டத்தைக் கப்பென்று பிடித்தார். ஒரு முனையை முழங்கைக்குக் கொடுத்து, பிடித்த கைமுட்டிக்கு மேலே தாடையால் காட்டினார். "இங்க வெட்டு."

அவள் கோடு போட்டு அளந்தாள். முப்பத்தாறரை.

"ஏங்க, இப்பத்தானே நாற்பத்தெட்டு இருந்துச்சு?"

"அது நீ டேப்பை வச்சு இழுத்தது. இப்ப முழம் கேட்டே. முழம்னா இதுதான்."

"விரலை நீட்டணும் அண்ணா," என்றாள் நாத்தனார். "முழம்னா நுனி விரல் வரைக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எதுக்கு நீட்டணும்? உனக்கென்ன, கட்டுத்துணி மேசை மேல பேசாம கிடக்கும். வண்டி மேல நின்னுக்கிட்டுக் கயித்தை அளக்கிறப்ப விரலை விரிச்சுப் பாரு. கயிறு போயிடும். அது பின்னாலேயே நானும் போயிடுவேன். லோடு கட்டுற எவனும் விரிக்க மாட்டான்."

டேப் அக்கா வீட்டுக்காரரின் மூடிய முட்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு முழம் குடியிருந்திருக்கிறது. அளப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு அது தெரியவில்லை!

"உங்க ஆளுக்கு இப்பவே போன் போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"போன்ல பேசித்தான்டி இந்த வம்பே வந்துச்சு. காலையில ஆளையே கூட்டிட்டுப் போறேன்."

"யாரை?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களைத்தான். இந்தக் கைக்கு நான் வேறெங்கே போவேன்?"

மறுநாள் எட்டரைக்கு வேன் அருங்காட்சியகத்தின் பின்கதவில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாள் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டவர், கதவைத் தாண்டி உள்ளே வந்தது அன்றுதான். முழக்காரர் சிவந்த கண்ணோடு பட்டறையில் காத்திருந்தார்.

"சார், இவர் என் வீட்டுக்காரர். நீங்க ஊர் ஊரா எப்படிக் கேட்டீங்களோ, அதே மாதிரி இவரைக் கேளுங்க. ஆனா முகத்தைப் பாக்காதீங்க."

முழக்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு கழியை எடுத்து நீட்டினார். "உங்க முழத்துக்கு ஒண்ணு வெட்டிக் கொடுங்க."

வீட்டுக்காரர் கப்பென்று பிடித்தார். முழக்காரர் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளுவண்டியிலிருந்து ஒரு குட்டைக் குச்சியை எடுத்துத் தானும் அப்படியே பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. அவசர அவசரமாக நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"துடுப்புத் துண்டு கொடுத்தவர், படகுக்காரர். இது கிணறு தோண்டுறவர், வாளி இறக்குவார். வாசல்ல குனிஞ்சு வந்தாரே, அவர் கூடாரம் அடிக்கிறவர். இது துறைமுகத்துல மூட்டை... இந்தம்மா வலை இழுக்கிறவங்க..." அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "நெட்டை எல்லாம் யாரு? தறி நெய்யறவர், சட்டை தைக்கிறவர், தோல் வெட்டுறவங்க, பாய் முடையறவங்க. எல்லாம் விரிச்சுப் போட்டு அளக்கிற ஜனம். நான் தேசத்துக்குப் பக்கத்துல தேசத்தை வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. கயிறு பிடிக்கிறவங்க எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கயிறு பிடிக்கிறவங்களுக்குத்தான் சொந்தம்!"

"அப்போ எனக்குப் பதிமூணு பங்காளின்னு சொல்லுங்க," என்றார் வீட்டுக்காரர்.

முழக்காரரின் விரல் நோட்டில் ஓரிடத்தில் நின்றது. "பன்னிரண்டுதான். ஒருத்தங்க பள்ளிக்கூடத்து டீச்சர். கணக்கு டீச்சர்."

"டீச்சருக்கும் கயித்துக்கும் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. "ஒண்ணுக்காக முப்பத்தொன்பதைக் காக்க வைக்க முடியாது சார்," என்று டேப் அக்கா ரம்பத்தை எடுத்தாள். அவர் ஆகட்டும் என்று தலையசைத்தார்.

வீட்டுக்காரர் போனதும் வேலை தொடங்கியது. கூடத்து வாசலில் ஒட்டிய தாளை முழக்காரரே கிழித்துப் போட்டு டேப்பை உள்ளே விட்டார். அவள் எண் சொல்லுவாள். அவர் ஆளைச் சொல்லுவார். "ஐம்பத்தொண்ணு." "தறிக்காரர். அவருக்கு யாரைச் சேர்க்கலாம்?" "முப்பத்தெட்டு, முப்பத்தேழரை, எது வேணாலும் படுக்கும்." "அப்போ கூடாரக்காரர். ரெண்டு பேருமே வாயாடி, பேசிக்கிட்டுக் கிடக்கட்டும்." இப்படியே சம்பந்தம் பேசி முடிப்பதுபோல் ஒவ்வொரு வரிசையாக முடித்தார்கள். அவள் நடுச்சட்டத்தைத் துண்டு துண்டாக அறுத்துப் புது இடத்தில் முறுக்கினாள். பழைய திருகாணித் துளைகளில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்தாள். நேர்கோடாகக் கிடந்த நடுச்சட்டம் இப்போது இடமும் வலமுமாக ஒதுங்கி ஒதுங்கி, வாய்க்கால் மாதிரி ஓடியது. மத்தியானம் ஒருமுறை முழக்காரர் வெளியே போய், சுவரிலிருந்த ஆளுயர எழுத்தில் 'ஒரே' என்பதை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு வந்தார். அந்த இடம் வெறுமனே கிடந்தது. அப்படியே கிடக்கட்டும் என்றுவிட்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசி வரிசை மட்டும் பாக்கி. ஒரு பக்கம் சட்டை தைப்பவரின் நாற்பத்தெட்டு. மறு பக்கம் டீச்சரின் முப்பத்து நான்கு புள்ளி இரண்டு. சட்டத்துண்டை இடத்தில் வைத்து, முறுக்க வேண்டிய திருகாணியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"சார், பக்கத்துல என்ன எழுதப் போறீங்க? மத்த எல்லாருக்கும் வேலையை எழுதியாச்சு."

"தெரியாம எழுத மனசு வரலை," என்றார் அவர். செல்போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடி, ஓர் எண்ணைப் போட்டு, சத்தத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

அப்போதுதான் இயக்குநர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர் இரும்பு ரேக்கோடு நின்றார்கள். அம்மா பெட்டியைப் பார்த்தார். வளைந்து ஓடும் சட்டத்தைப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தவரை முழக்காரர் விரலை உதட்டில் வைத்து நிறுத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். முழக்காரர் அந்தப் பாஷையில் தடுக்கித் தடுக்கிக் கேட்டார். கையை மூடிக்கொண்டா அளந்தீர்கள், ஏன், வீட்டில் யாராவது படகுக்காரர்களா, கயிறு திரிப்பவர்களா என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் குரல் விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னவாம், என்னவாம்?" என்று ரேக் தூக்கி வந்தவர்களில் ஒருவர் முன்னால் வந்துவிட்டார்.

"பாடம் நடத்திக்கிட்டு இருந்தப்ப நான் போய்க் கேட்டேனாம்," என்று முழக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். "கையில சாக்பீஸ் இருந்துச்சாம். அது ஒண்ணுதான் மிச்சமாம். கீழே வச்சா பசங்க எடுத்துட்டு ஓடிடுவாங்கன்னு, மூடின கையோடயே அளந்து வெட்டிக் கொடுத்தாங்களாம்."

இயக்குநர் அம்மா உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். போனுக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் ஏதோ கேட்டது, இந்த முறை கொஞ்சம் கவலையோடு.

"அது தப்பான முழமா, சாக்பீஸைக் கீழே வச்சுட்டு வேற ஒண்ணு சரியா வெட்டி அனுப்பட்டுமான்னு கேக்கிறாங்க," என்றார் முழக்காரர்.

"ஐயையோ, வேணாம்னு சொல்லுங்க சார்," என்றாள் டேப் அக்கா. "முப்பத்திநாலு புள்ளி ரெண்டுக்கு அறுத்தாச்சு."

சொல்லிவிட்டு, பெட்டிக்கு அடியில் குனிந்து கடைசித் திருகாணியை முறுக்கினாள்.